கணக்குக்கு வைத்த பொட்டு

என் தங்கச்சி கெட்டிக்காரி. இந்த ஒரு வரியை எழுத எனக்கு எழுபது வயசுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஆத்தா அடுப்பை விட்டு எழுந்து வந்துவிடுவாள். ஆத்தா என்றால் எங்கள் பக்கத்தில் அம்மா. "எந்த வாயிடி சொன்னது? தூன்னு துப்பு!" என்பாள். துப்பினால்தான் விடுவாள். விருந்தாளியாக வந்த பெரிய மனுஷர்களைக்கூட அவள் துப்ப வைத்திருக்கிறாள்.

போன மாசம் அடுத்த வீட்டுப் பெண் வந்தாள். அவள் மகனுக்கு நாலரை வயசு. ரோட்டில் போகிற கார் நம்பரையெல்லாம் கூட்டிச் சொல்கிறானாம். அபாகஸ் கிளாஸில் சேர்க்கலாமா, செஸ் கிளாஸா, இல்லை ரெண்டுமா, மூளைக்கு வேலை கொடுக்கிற மாதிரி ஏதோ பெட்டி விற்கிறார்களாம், அதை வாங்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஒங்க காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு என்னம்மா செய்வாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்வோம்? பொட்டு வைப்போம். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போன பிறகு வெகுநேரம் ஆத்தாவையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருமயத்துக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து கண்மாய்க் கரையோடு உள்ளே நடந்தால் வருகிற ஊர் எங்களுடையது. அப்பா பஸ் கண்டக்டர். ஆத்தாவுக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லையும் ரெண்டு மாடும். நான் மூத்தவள். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைக் கலைத்துத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்களே, அந்த வருஷம் தங்கச்சி பிறந்தாள். எனக்கும் அவளுக்கும் மூணு வயசு வித்தியாசம்.

நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு அ, ஆ எழுதும்போது அவள் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தோம். ஒருநாள் அப்பா வடை சுற்றி வாங்கிவந்த பேப்பரை எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கடகடவென்று வாசித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டவளுக்கு எழுத்தெல்லாம் தலைகீழாகத்தான் தெரிந்திருக்கிறது. அப்பா பேப்பரை நேராகத் திருப்பிக் கொடுத்தார். "இது தப்பு எழுத்து" என்று அழுதாள். அப்போது அவளுக்கு நாலு வயசுகூட ஆகவில்லை. எனக்கு ஒண்ணாங்கிளாஸ் பாடமே இன்னும் முடியவில்லை. எரிச்சல் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்!

அதோடு நின்றாளா? கேள்வி. காலையில் கண் விழித்தால் கேள்வி, ராத்திரி கண் மூடுகிற வரைக்கும் கேள்வி. நெருப்புக்கு நிழல் உண்டா, நேற்று என்பது எங்கே போனது, மாட்டுக்கு நாம் பேசுவது புரிகிறதென்றால் அது பேசுவது நமக்கு ஏன் புரியவில்லை. ஆத்தாவுக்கு ஐந்தாம் வகுப்புகூடக் கிடையாது. அவள் என்ன பதில் சொல்லுவாள், பாவம்! "ஏன்டி, கொஞ்ச நேரம் அந்த வாயி சும்மா கெடக்கட்டுமேடி. அதுவும் மனுச வாயிதானே" என்று கெஞ்சுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆத்தா ஒரு வேலை செய்தாள். ஒரு உழக்கு அரிசியை அள்ளி முறத்தில் கொட்டி, "இதுல எத்தன அரிசி இருக்குன்னு எண்ணிச் சொல்லு, அதுவரைக்கும் என்கிட்ட வராத" என்றாள். குழம்பு கொதிக்கிற வரைக்காவது நிம்மதி என்று கணக்கு. தங்கச்சி கொஞ்ச நேரம் ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு நிறுத்திவிட்டு, எண்ணெய்க் கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி அரிசியை மட்டும் எண்ணினாள். உழக்குக்கு எத்தனை கரண்டி என்று அளந்தாள். பெருக்கிச் சொல்லிவிட்டாள். குழம்பு இன்னும் கொதி வரவில்லை. ஆத்தா என்னைப் பார்த்தாள், நான் ஆத்தாவைப் பார்த்தேன். வீடு முழுக்கச் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கியது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான்.

ஆனால் அன்றைக்கு ஆத்தாவுக்கு ஒரு வழி பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு தினம் ஒன்று கொடுப்பாள். ஊருணித் தண்ணீர் எத்தனை குடம், வேப்பமரம் எவ்வளவு உயரம், மாடு ஒரு நாளைக்கு எத்தனை தடவை அசைபோடும். பதில் சரியா தப்பா என்று ஆத்தாவுக்குத் தெரியாது. தெரியாது என்பதையும் மறைக்க மாட்டாள். "எப்படிக் கண்டுபிடிச்சே, சொல்லு, கேப்போம்" என்பாள். தங்கச்சி சொல்லச் சொல்ல, கீரை ஆய்ந்துகொண்டே "ம்... ம்..." என்று கேட்பாள். சொல்லும்போதே தங்கச்சிக்குத் தன் தப்பு தெரிந்துவிடும். "இரு ஆத்தா, இரு" என்று திரும்ப ஓடுவாள். அடுத்த வீட்டுப் பெண் சொன்ன பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. அப்படி "ம்" கொட்ட ஒரு ஆள் அதற்குள் இருக்காது, அது மட்டும் நிச்சயம்.

அப்பாவின் வழி வேறு. பஸ்ஸில் யாராவது விட்டுவிட்டுப் போன வாரப் பத்திரிகை, கிழிந்த தினசரி, எதுவாக இருந்தாலும் காக்கிப் பைக்குள் திணித்துக் கொண்டுவருவார். தொடர்கதையில் பாதிதான் கிடைக்கும். மீதியைத் தங்கச்சியே கட்டிச் சொல்லுவாள். ஒரு கதைக்கு உண்மையான முடிவு பின்னால் கிடைத்தபோது, "இவ சொன்னதே தேவலாம்டி" என்று ஆத்தா அந்தப் பக்கத்தை அடுப்பில் போட்டுவிட்டாள். லீவு நாளில் அப்பா தங்கச்சியைப் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார வைத்துக்கொள்வார். மைல் கல்லைப் பார்த்து, டிரைவர் எத்தனை மணிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்று சொல்லிவிடுவாள். டிரைவர் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி அவளைத் தோற்கடிக்கப் பார்ப்பார். "ஏம்மா, ஒனக்காக நான் வேலையில கெட்ட பேரு வாங்கணுமா?" என்று சிரிப்பார்.

அந்தப் பஸ்ஸில் வாராவாரம் கட்டுமாவடியிலிருந்து கருவாட்டு மூட்டையோடு ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார். நாங்கள் கட்டுமாவடி மாமா என்போம். அவர் வீட்டுக்குப் பினாங்கிலிருந்து வந்த காலண்டர் ஒன்றைத் தங்கச்சிக்குக் கொடுத்தார். ஒரே தாளில் இங்கிலீஷ் தேதியும் பிறைத் தேதியும் இருக்கும். அதை ஒரு வாரம் உற்றுப் பார்த்துவிட்டு, "மாமா, ஒங்க பெருநாளு வருசா வருசம் முன்னாடி ஓடி வருதே! இப்படியே ஓடுனா முப்பத்து மூணு வருசத்துல சுத்திக்கிட்டு இதே இடத்துக்கு வந்துரும்" என்றாள். மாமா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டாராம். "மாஷா அல்லாஹ்! எங்க வாப்பா இதத்தான் சொல்லுவாக" என்றாராம். அப்பா இதை வீட்டில் வந்து சொன்னதும் ஆத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்படின்னா என்னங்க?" மெச்சும்போது கண் படாமல் இருக்க அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்றார் அப்பா. "பாத்தீங்களா, அந்த மனுசனுக்குத் தெரியுது. ஒங்களுக்குத்தான் தெரியல" என்றாள் ஆத்தா.

இதில் ஒரு பழைய வழக்கு இருந்தது. தங்கச்சிக்கு ஐந்து வயசில் அப்பா அவளைத் திருமயம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் ஏற்றி நிற்க வைத்தார். "என்ன வேணாலும் கேளுங்க, எம்மக சொல்லுவா" என்று பெருமை. யாரோ, "இன்னைக்கு வெள்ளிக்கெழமை. நூறு நாள் கழிச்சு என்ன கெழமை?" என்று கேட்டார்கள். "ஞாயித்துக்கெழமை" என்றாள். கடைக்காரர் காலண்டரைப் புரட்டி எண்ணிப் பார்த்தார். சரி. டீ குடிக்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். அன்று சாயங்காலமே அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் உடம்பெல்லாம் மணல்வாரி அம்மை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்போது மணல்வாரிதான். அதையெல்லாம் ஆத்தாவிடம் யார் சொல்வது? "பெஞ்சுல ஏத்தி வச்சு ஊருக் கண்ணையெல்லாம் வாங்கிட்டு வந்துட்டீகளே" என்று அப்பாவோடு ஒரு மாசம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தங்கச்சி தேறி எழுந்ததும் ஆத்தா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னாள்: "இனிமே யாரு என்ன கேட்டாலும் எல்லாத்தையும் சரியாச் சொல்லாத. ஒண்ண மட்டும் தப்பாச் சொல்லு. பச்சப்பிள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிறோம்ல, அது மாதிரி. ஒரு தப்பு இருந்தா பாக்குறவுக கண்ணு அதுல போயி நின்னுக்கும். ஒன் மேல படாது."

இதற்கு எங்கள் வீட்டில் 'பொட்டு வைக்கிறது' என்றே பேர் ஆகிவிட்டது. தங்கச்சி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஆத்தா கேட்பாள், "பரீட்சையில பொட்டு வச்சியாடி?" அவள், "வச்சேன் ஆத்தா" என்பாள். தலையைத் தடவிவிட்டு ஒரு உருண்டை வெல்லம் கொடுப்பாள். உலகத்தில் தப்பாக எழுதியதற்கு வெல்லம் கொடுத்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

தங்கச்சி அதையும் ஒரு வித்தையாக்கிவிட்டாள். பொட்டு எங்கே வைப்பது என்று என்னோடு யோசனை செய்வாள். "நெத்திக்கு நடுவுல வச்சா அது அழகாப் போயிரும்க்கா. கன்னத்துல ஓரமா வைக்கணும். பெரிய கணக்குல வைக்கக் கூடாது. சின்னதுல வச்சாத்தான் கவனக்கொறைவுன்னு நெனைப்பாங்க." பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த அன்று வகுத்தல், பின்னம் எல்லாம் கேட்டார். கேட்டதற்கெல்லாம் பட்டுப்பட்டென்று சொன்னவள், கடைசியில் "ஏழெட்டு எவ்வளவு?" என்றதற்கு "அம்பத்தஞ்சு" என்றாள். ஐந்து வகுப்புக்கும் ஒரே ஆளான எங்கள் வாத்தியாருக்கு முகம் செத்துப்போனது. "எல்லாம் சரி, கவனம் பத்தாது" என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். இவள் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள்!

நான் ஒருநாள் ஆத்தாவிடம், "என்னையும் பொட்டு வைக்கச் சொல்லேன்" என்று கேட்டேன். ஆத்தா சிரித்துவிட்டாள். "ஒனக்கு எதுக்குடி, நீ வச்சதே நெறயா இருக்கு" என்றாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. வலித்தது, வலிக்கவில்லை என்று ஏன் பொய் சொல்ல வேண்டும்? ஐந்தாவது முடிந்ததும் என்னை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் பெண் பிள்ளைக்கு ஐந்தாவதோடு சரி. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் புதுக்கோட்டையில் தங்கிப் படிக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

தங்கச்சி ஐந்தாவது முடித்த வருஷம், டவுனில் இருந்த பெண்கள் ஹைஸ்கூல் ஒன்றில் கிராமத்துப் பிள்ளை ஒருத்திக்கு மட்டும் ஹாஸ்டலில் இலவசமாக இடம் என்று அப்பாவுக்குப் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள். பரீட்சை வைப்பார்கள், முதலாவதாக வருகிற பிள்ளைக்கு இடம். அப்பா வீட்டுக்கு வந்து முடிவாகச் சொன்னார்: "எடம் கெடைச்சா படிக்கட்டும். கெடைக்கலைன்னா அக்காகூட ஒக்காந்து கடலை ஆயட்டும். அதுக்கு மேல நம்மால ஆகாது." அன்றிலிருந்து தங்கச்சிக்குச் சாப்பிடும்போதுகூடக் கையில் பேப்பர். அவள் இத்தனை பயந்து நான் பார்த்ததில்லை. கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள், அப்புறம் என்ன சொல்ல?

பரீட்சை அன்று மாடு கன்று போடுகிற சமயம். ஆத்தாவால் கூடப் போக முடியவில்லை. மெயின் ரோடு வரைக்கும் நானும் ஆத்தாவும் வந்தோம். அப்பாவின் வண்டியிலேயே ஏற்றிவிட்டோம். வெயிலுக்குத் தங்கச்சி வழியில் கண்மாயில் முகத்தைக் கழுவியிருந்தாள். வண்டி நகர்ந்த பிறகுதான் ஆத்தா பார்த்தாள், ஜன்னலில் தெரிந்த நெற்றி வெறுமையாக இருந்தது. பிள்ளை நல்ல காரியத்துக்குப் போகிறது, நெற்றியில் பொட்டு இல்லை! ஆத்தா பஸ் பின்னாலேயே ஓடினாள். "ஏய், பொட்டு வைக்கலையேடி! மறக்காம வச்சிரு! கேட்டுச்சா, பொட்டு!" என்று கத்தினாள். தங்கச்சி தலையை வெளியே நீட்டி, "வச்சிர்றேன் ஆத்தா!" என்று கையாட்டினாள். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. பேசிக்கொண்டே வீட்டுக்கு நடந்தோம்.

இருட்டுகிற நேரத்துக்கு அப்பாவும் அவளும் வந்தார்கள். அப்பா பையை ஆணியில் மாட்டிவிட்டு, "போச்சு" என்றார். சாயங்காலமே தாளைத் திருத்திச் சொல்லிவிட்டார்களாம். குன்றாண்டார்கோவில் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி எல்லாக் கணக்கும் சரியாகப் போட்டிருக்கிறாள். இவளுக்கு ஒன்று தப்பு. இடம் அந்தப் பிள்ளைக்கு. ஆத்தா தங்கச்சியைப் பார்த்து, "எப்படிடி?" என்றாள்.

தங்கச்சி அழவில்லை. குழம்பிப்போய் நின்றாள். "நீ சொன்ன மாதிரி ஓரமாத்தான் ஆத்தா வச்சேன். மொதக் கணக்குல, லேசான கூட்டல்ல" என்றாள்.

"நான் சொன்னேனா? எப்பச் சொன்னேன்?"

"பஸ் பின்னால ஓடி வந்து கத்துனியே, மறக்காம வையின்னு."

ஆத்தா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடிப் பாவி மகளே! அது நெத்திப் பொட்டுடி! நெத்தியில வைக்கிற குங்குமத்தடி சொன்னேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தங்கச்சிக்கு அப்போதுதான் விளங்கியது. பெரிதாகக் குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அப்பாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. "ஆத்தாளும் மகளுமாச் சேந்து வச்ச பொட்டு, நல்லா எடுப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் ஆத்தா கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "கெளம்புங்கடி ரெண்டு பேரும்" என்றாள். அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எங்கே? போயி என்னன்னு சொல்லுவே? எம்மக வேணும்னே தப்பாப் போட்டான்னா? வாயால சிரிக்க மாட்டாங்க" என்றார். "சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. எனக்கென்ன பல்லு கொட்டிப் போகுதா?" என்றாள் ஆத்தா. அப்பா வேலைக்குக் கிளம்பிப் போனதும், கன்று போட்ட மாட்டைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வந்த பஸ் அப்பாவின் பஸ். அவர் யாரோ அயலாரிடம் கேட்கிற மாதிரி, "மூணு பேரும் எங்க போறீங்க?" என்று கேட்டார். "புதுக்கோட்டைக்கு" என்றாள் ஆத்தா, அவளும் யாரோ அயலாரிடம் சொல்கிற மாதிரி. வழி முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். இறங்கும்போது மட்டும் அப்பா வெளியே எங்கோ பார்த்துக்கொண்டு, "ஹெட்மிஸ்ட்ரஸ் ரூம் உள்ள போயி எடது பக்கம்" என்றார்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஆத்தா வாசலில் செருப்பில்லாத காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். டீக்கடை, மணல்வாரி, கன்னத்து மை, பஸ் பின்னால் ஓடியது, எல்லாம். எனக்கு வெட்கத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. தங்கச்சியின் விடைத்தாளை எடுத்துப் பார்த்தார். "கடைசிக் கணக்கைப் போட்ட பிள்ளைக்கு முதல் கணக்கு எப்படித் தப்பாச்சுன்னு நானும் நேத்து யோசிச்சேன்" என்றார். பிறகு, "ஆனா அந்த இடத்தைக் கொடுத்தாச்சேம்மா. அந்தப் பிள்ளையும் ஏழைதான்" என்றார்.

"அதுக்குக் குடுத்தத நீங்க பிடுங்கிறாதீங்க டீச்சரம்மா. அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்றாள் ஆத்தா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். அப்புறம் அவள் வாயிலிருந்து அது வந்தது. "எம்மக கெட்டிக்காரிம்மா. இவ மாதிரி ஒரு பிள்ளய நான் பாத்ததில்ல. என்ன கேட்டாலும் சொல்லுவா. எப்படிச் சொன்னான்னு கேட்டா அதையும் சொல்லுவா. நான்தான் மூடி மூடி வச்சுக்கிட்டேன். பெரியவளும் நல்லா வாசிப்பாம்மா, அவளுக்கும் நான் ஒண்ணும் செய்யல."

துப்பவில்லை. "தூ" என்று சொல்லவில்லை. எங்கள் ஆத்தா, ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷிக்கு முன்னால், வாய் நிறைய அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு நிற்கிறாள். தங்கச்சி ஆத்தா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவளும் என்றாளே, அதில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் பிற்பாடு வாசிக்கவும் எழுதவும் துணிந்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் ஒரு தாளில் பத்துக் கணக்கு எழுதி, "இதைப் போடும்மா" என்று தங்கச்சியிடம் கொடுத்தார். அவள் தரையில் உட்கார்ந்து போட ஆரம்பித்தாள். கை நிற்கவே இல்லை. ஒன்பது கணக்கு முடிந்தது. பத்தாவது கணக்கில் பென்சிலை வைத்துவிட்டு நிறுத்திவிட்டாள். எனக்குத் தெரியும், அந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு தொட்டிக்கு ரெண்டு குழாய், ஒன்று ஆறு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொன்று மூணு மணி நேரத்தில் நிரப்பும், ரெண்டையும் திறந்தால் எவ்வளவு நேரம் என்ற கணக்கு. இதைவிடப் பெரியதையெல்லாம் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே போடுவாள். அவள் ஆத்தாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னடி? எழுது."

"பத்தும் சரியாப் போயிரும் ஆத்தா" என்றாள் மெதுவாக. "காச்சல் வந்துருச்சுன்னா?"

ஆத்தா அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவள் கன்னத்தை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "வந்தா எனக்கு வரட்டும்டி. நீ எழுது" என்றாள்.

அவள் எழுதினாள். ரெண்டு மணி நேரம் என்று எழுதி அடியில் கோடு போட்டாள். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். "ஹாஸ்டல்ல இன்னொரு பாய் விரிக்க எடமில்லாமலா போயிரும்? நான் கேட்டு வாங்குறேன். ஜூன் மாசம் கூட்டிட்டு வாங்க" என்றார். ஆத்தா அந்த அம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

திரும்பும்போது நல்ல உச்சி வெயில். பஸ்ஸுக்கு வெகுநேரம் ரோட்டோரத்தில் நின்றோம். அப்பாவின் வண்டி வந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். தங்கச்சியை முன் சீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலமே ஆத்தாவுக்கு உடம்பு கொதிக்க ஆரம்பித்தது. பாயில் சுருண்டு படுத்துவிட்டாள். அப்பா கைவைத்துப் பார்த்துவிட்டு, "வெயில்ல நின்னதுதான்" என்றார். ஆத்தா நடுங்கிக்கொண்டே சிரித்தாள். "வெயிலாம்ல வெயிலு! ஒங்களுக்கு என்ன தெரியும்? அவ ஒடம்பத் தொட்டுப் பாருங்க. எப்படி இருக்கு?" என்றாள். தங்கச்சி உடம்பு ஜில்லென்று இருந்தது. ஆத்தாவுக்கு அத்தனை சந்தோஷம். தலையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, "சரியாத்தான் வந்திருக்கு" என்றாள்.

அவள் முனகுவதைக் கேட்கச் சகிக்கவில்லை. நான் எழுந்து போய்க் கல் உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்தேன். சுற்றிப் போட்டால் இறங்கிவிடும் என்று அவளே எத்தனை தடவை எங்களுக்குச் செய்திருக்கிறாள்! பக்கத்தில் உட்கார்ந்து கையை உயர்த்தினேன். ஆத்தா போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை நெருப்பாகச் சுட்டது.

"எனக்குச் சுத்தாதடி" என்றாள். "இங்கேருந்து எறங்குனா அவகிட்டப் போயிரும். ரெண்டு நாளைக்கு இது என்கிட்டயே கெடக்கட்டும்."